செல்ஃப் எடுக்கலன்னா ‘டைரக்ட்’ ஒண்ணுதான் வழியா?

பழைய டிராக்டர் வச்சிருக்கற நம்ம ஆளுங்ககிட்ட ஒரு சொல் ரொம்ப சாதாரணமாகப் புழங்குது: ‘டைரக்ட்’. சாவியைத் திருப்பினா செல்ஃப் எடுக்கல. மெக்கானிக் வர்றார். கியர்பெட்டி மூடியில் இருக்கிற ஒரு சின்ன சுவிட்சிலிருந்து இரண்டு ஒயரையும் உருவி, ஒண்ணோட ஒண்ணு முறுக்கி, டேப் சுத்தி விட்டுடறார். “டைரக்ட் பண்ணிட்டேன் அண்ணே, இனிமே தொந்தரவு இருக்காது.” வண்டி உடனே ஸ்டார்ட் ஆகுது. கூலியும் குறைவு. எல்லாருக்கும் சந்தோஷம்.

இதை ரிப்பேர்னு சொல்றதை நாம நிறுத்தணும். வீட்டுக் கதவு பூட்டு மக்கர் பண்ணுதுன்னு கதவையே கழற்றிப் போடற மாதிரியான வேலை அது. இதுக்கும் இயற்கை வேளாண்மை இதழுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. தக்கைப்பூண்டையும் சணப்பையும் மடக்கி உழ நம்மில் பாதிப் பேர் நம்பியிருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கின பழைய மாசி, மகேந்திரா, எய்ச்சர் வண்டிகளைத்தான். மாடு வச்சு உழறவங்களுக்கு என் வணக்கம். அந்த விவாதத்தை இன்னொரு நாள் வச்சுக்கலாம். வண்டி வச்சிருக்கறவங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அந்தச் சுவிட்சின் வேலை ஒண்ணே ஒண்ணு. வண்டி நியூட்ரலில் இருந்தா மட்டும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போக விடும். கியரில் இருந்தா தடுத்துடும். இந்த யோசனை ரொம்பப் பழசு. 1946-ல் இங்கிலாந்தில் வந்த பெர்குசன் டி.இ.20 டிராக்டரில் கியர் கம்பியையே ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினாத்தான் செல்ஃப் எடுக்கும். ஒரு கம்பி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே! கியரில் போட்டுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணவே வழியில்லை. அதுக்குப் பின்னால் வந்த மாசி பெர்குசன் 35-ல் ஹை-லோ லிவருக்குக் கீழே ஒரு சுவிட்ச் வச்சாங்க. லிவர் நடுவில் இருந்தா சுவிட்ச் அழுந்தும், சாவி வேலை செய்யும். 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கி, மாசி பெர்குசன் கூட்டில் டிராக்டர் செய்ய ஆரம்பித்ததால் அந்த வழி வந்த வண்டிகள்தான் நம்ம ஊர்ப் பக்கம் அதிகம். அதனால் அதை வச்சே பேசறேன். மற்ற வண்டிகளில் சுவிட்ச் இருக்கும் இடம் மாறும், சிலதில் கிளட்ச் பெடலில் இருக்கும். தத்துவம் ஒண்ணுதான்.

டைரக்ட் பண்ணின வண்டியில் என்ன நடக்கும்னு நிதானமா யோசிச்சுப் பாருங்க. பழைய வண்டிக்கு ஹேண்ட் பிரேக் சரியா நிக்காது. அதனால் கியரில் போட்டு நிறுத்துறது நம்ம பழக்கம். மறுநாள் காலையில் வேற ஒருத்தர் வந்து, கிளட்ச் மிதிக்காம சாவியைத் திருப்பினா, செல்ஃப் மோட்டாரே வண்டியை முன்னால் இழுக்கும். டீசல் இன்ஜின் ஒரு சுத்திலேயே பிடிச்சுக்கலாம். முதல் கியரில், லோவில் இருக்கிற வண்டியைச் சுவர் தடுக்காது, மரம் தடுக்காது. ஆளா தடுக்கப் போறான்? பதறிப்போய் சாவியை ஆஃப் பண்ணினாலும் நிக்காது. இந்தப் பழைய டீசல் வண்டிகளில் ஸ்டாப்பரை இழுத்து டீசலை அடைச்சாத்தான் இன்ஜின் நிக்கும்.

இதைவிட மோசமான பழக்கம் ஸ்பேனர் ஸ்டார்ட். டைரக்ட் பண்ணின கொஞ்ச நாளில் சாவி சுவிட்சும் போயிடும். அப்புறம் தரையில் நின்னுக்கிட்டு, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் குனிஞ்சு, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் ஸ்பேனராலோ ஸ்க்ரூ டிரைவராலோ தொட்டு ஸ்டார்ட் பண்ணுவாங்க. வண்டி கியரில் இருந்தா பின் சக்கரம் நேரா அந்த ஆள் மேலதான் வரும். ஓடித் தப்பிக்க நேரமே கிடையாது. வெளிநாட்டு டிராக்டர்களில் இதுக்காகவே செல்ஃப் மோட்டார் முனைகளுக்கு மூடி போட்டு, எச்சரிக்கைப் படமும் ஒட்டி விடறாங்க. சுவிட்ச் நல்லா இருந்தாலும் ஸ்பேனர் ஸ்டார்ட் அதைத் தாண்டிப் போயிடும் என்பதையும் கவனிங்க. அதனால் சுவிட்சை மாத்தினா மட்டும் போதாது, அந்தப் பழக்கமும் போகணும்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப உறுத்துறது. டைரக்ட் பண்ணச் சொல்றது வண்டிக்காரர். அந்த வண்டியில் ஏறுறது பெரும்பாலும் நாள் கூலிக்கு வர்ற டிரைவர் தம்பி. சுவிட்ச் இருக்கா இல்லையான்னே அவருக்குத் தெரியாது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறது ஒருத்தர், ஆபத்தில் நிக்கிறது இன்னொருத்தர். நஞ்சில்லா உணவு வேணும்னு மேடையில் பேசற நாம, நம்ம வயலில் வேலை பார்க்கிறவரோட உயிரைப் பற்றியும் பேசித்தானே ஆகணும்?

சரி, செல்ஃப் எடுக்கல. என்ன செய்யறது? முதலில் சுவிட்சைச் சந்தேகப்படாதீங்க. சாவியைத் திருப்பும்போது ‘டிக்’னு சத்தம் வந்து மோட்டார் சுத்தலன்னா, சுவிட்ச் தன் வேலையைச் செஞ்சிடுச்சு, கோளாறு பேட்டரியிலோ, தடி ஒயரிலோ, மோட்டாரிலோ இருக்கு. பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமா பூத்துப்போயிருக்கும். வெந்நீர் ஊத்திக் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, இறுக்கிக் கட்டினாலே பாதி வண்டி எழுந்துக்கும். எர்த் ஒயர் பாடியில் பிடிக்கிற இடத்தையும் மறக்காதீங்க. துருப்பிடிச்ச எர்த்துக்காகப் புது பேட்டரி வாங்கினவங்க நம்ம வட்டாரத்திலேயே இருக்காங்க.

ஹெட்லைட் நல்லா எரியுது, ஆனா சாவியைத் திருப்பினா சத்தமே இல்லைன்னா, அப்பத்தான் சின்ன ஒயர் வழியைப் பார்க்கணும். பேட்டரியிலிருந்து சாவிக்கு, சாவியிலிருந்து நியூட்ரல் சுவிட்சுக்கு, அங்கிருந்து சோலனாய்டுக்கு. இதில் எங்கேயோ அறுந்திருக்கு. ஹை-லோ லிவரை நடுவில் வச்சு லேசா இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே சாவியைத் திருப்பிப் பாருங்க. ஏதோ ஒரு நிலையில் செல்ஃப் எடுத்தா, லிவரின் புஷ், பின் தேய்ஞ்சு சுவிட்சை முழுசா அழுத்தலைன்னு அர்த்தம். சுவிட்ச் மேல தப்பில்லை.

அப்படியும் எடுக்கலன்னா டெஸ்ட் லேம்ப். ஒரு 12 வோல்ட் பல்ப், ஹோல்டர், இரண்டு ஒயர், ஒரு கிளிப். அவ்வளவுதான். பஞ்சகவ்யா போடத் தெரிஞ்சவருக்கு இதைச் செய்ய அரை மணி நேரம் போதும். ஆனா வேலை ஆரம்பிக்கும் முன்னாடி சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைங்க. மெயின் கியர், ஹை-லோ இரண்டும் நியூட்ரல். பி.டி.ஓ. லிவர் ஆஃப். ஸ்டாப்பரை இழுத்தே வச்சிடுங்க. செல்ஃப் சுத்தினாலும் இன்ஜின் பிடிக்காது. பி.டி.ஓ.வைத் தனியா சொல்ல ஒரு காரணம் இருக்கு. இந்த மாடல்களில் சுவிட்ச் பார்க்கிறது ஹை-லோ லிவரை மட்டும்தான். பி.டி.ஓ. போட்டபடியே இருந்தா, சுவிட்ச் நல்லா இருந்தாலும் பின்னால் மாட்டின ரோட்டவேட்டர் சுத்த ஆரம்பிச்சிடும்.

இனி, லேம்ப் கிளிப்பை வண்டி பாடியில் மாட்டி, மறுமுனையைச் சுவிட்சுக்கு வர்ற ஒயர் முனையில் வைங்க. ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து சாவியை ஸ்டார்ட் பக்கம் திருப்பட்டும். பல்ப் எரியலைன்னா கோளாறு சாவியிலோ அதுக்கு முந்தின ஒயரிலோ. டேஷ்போர்டுக்குப் பின்னாடி எலி கடிச்சிருக்கான்னு பாருங்க, நம்ம கொட்டகைகளில் அதுதான் முதல் சந்தேகம். எரிஞ்சா, சுவிட்சின் வெளியேறும் முனையில் வைங்க. இங்கே எரியலைன்னா சுவிட்சோ லிவரோ. இங்கேயும் நல்லா எரிஞ்சா சுவிட்சை விட்டுட்டு சோலனாய்டுக்குப் போற ஒயரைப் பாருங்க. பல்ப் மங்கலா எரிஞ்சா உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கலாம். பழைய இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். பல்ப்புக்கு அதெல்லாம் கவலையில்லை, எந்தப் பக்கமும் எரியும்.

கேஜ் வீல் போட்டுச் சேற்று உழவு ஓட்டின வண்டிகளில் இந்தச் சுவிட்ச் முனைகளில் சேறு ஏறிக் காய்ஞ்சு போயிருக்கும். ஒயரைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மறுபடி மாட்டினா பல நேரம் அதுவே போதும். புதுசு மாத்தணும்னா பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்க. திருகு நூல் ஒத்துப்போகுதேன்னு வேற வண்டி சுவிட்சைப் போட்டுடாதீங்க. குமிழ் அரை நூல் நீளமா இருந்தாலும் சுவிட்ச் எப்பவும் ஆனிலேயே இருக்கும். அது இன்னொரு வகை டைரக்ட், கண்ணுக்குக்கூடத் தெரியாது. அடியில் வாஷர் இருந்தா, எத்தனை இருந்ததோ அத்தனையும் திரும்பப் போடணும்.

நடவு நேரம், வண்டி வயலில் நிக்குது, கடை பூட்டியிருக்கு. அப்ப என்ன பண்றதுன்னு கேட்பீங்க. நியாயம்தான். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர ஒயரை இணைச்சுக்கலாம், சீட்டில் உட்கார்ந்து, எல்லா லிவரும் நியூட்ரல்னு கையால் தொட்டுப் பார்த்து, கிளட்சை முழுசா மிதிச்சு ஸ்டார்ட் பண்ணணும். அன்னைக்கு வேற யாரும் ஓட்டக் கூடாது, சாவி உங்க மடியில். ஆனா அந்த ஒயர்மேல கறுப்பு டேப் சுத்தாதீங்க. சுத்தினதுமே அது நிரந்தரமாயிடுது. சிவப்புத் துணியைக் கட்டித் தொங்க விடுங்க, பார்க்கும்போதெல்லாம் உறுத்தட்டும்.

சுவிட்ச் மாத்தின பிறகு யாருமே செய்யாத ஒரு சோதனை இருக்கு. ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம். ஸ்டார்ட் ஆகாம இருக்குதான்னு பார்க்க மாட்டோம். ஸ்டாப்பரை இழுத்து, முட்டுக்கட்டை வச்சு, யாரும் முன்னாடி பின்னாடி நிக்காம பார்த்துக்குங்க. மெயின் கியர் நியூட்ரல், பி.டி.ஓ. ஆஃப். கிளட்சையும் பிரேக்கையும் மிதிச்சு, ஹை-லோ லிவரை மட்டும் லோவில் போட்டுச் சாவியைத் திருப்புங்க. செல்ஃப் எடுக்கவே கூடாது. எடுத்தா, உங்க வண்டி டைரக்ட். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போறவங்க விலை பேசறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. டயரையும் புகையையும் பார்க்கிற அளவுக்கு இதையும் பார்க்கணும். தரகர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கு. அவ்வளவு தூரம் எல்லாராலும் போக முடியாது. வேளாண்மைப் பொறியியல் துறைப் பயிற்சிக்குப் போறவங்க இந்தச் சோதனையைச் செஞ்சு காட்டச் சொல்லிக் கேளுங்க. அதுக்கும் காத்திருக்க வேண்டாம்னு நினைக்கிறேன். மாதக் கூட்டத்தில் மீன் அமிலமும் பூச்சிவிரட்டியும் செஞ்சு காட்டற நேரத்தில் ஒரு மணி நேரம் இதுக்கு ஒதுக்கலாம். பழைய வண்டி வச்சிருக்கறவங்க வண்டியோடயே வரட்டும், டிரைவரையும் கூட்டிக்கிட்டு வரட்டும். பல்ப்பும் ஒயரும் நான் எடுத்துட்டு வர்றேன்.