வீட்டுக்கு அனுப்பிய வேலையும் முதலாளியின் அமானிதமும்



‘காப்பீடு ஹராம், எங்களுக்குத் தவக்குல் போதும்’ என்று சொல்லும் வணிகர்கள் நம் சமுதாயத்தில் பலர் உள்ளனர். வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் அவர்களது பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தப் பேணுதலே ஊழியரின் தலையில் இழப்பைச் சுமத்தும் சாக்காக மாறுமானால், அதற்குப் பெயர் தவக்குல் அன்று, அநீதி.

கொரோனாவுக்குப் பின் கணக்கு எழுதும் நிறுவனங்களும் சிறு மென்பொருள் நிறுவனங்களும் அலுவலகத்தைச் சுருக்கி, வேலையை வீடுகளுக்கு அனுப்பின. இரும்புலியூரிலும் பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையே இன்று பலருக்கு அலுவலகம். சில நாள்கள் ஜி.எஸ்.டி. சாலையில் பயணம், மற்ற நாள்களில் வீட்டில் பணி. முதலாளிக்கு வாடகையும் மின்கட்டணமும் மிச்சம். இடர் மட்டும் சத்தமின்றி ஊழியரின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

இது வீண் அச்சமன்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளின் தரைத்தளங்களை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைப் புறநகர்கள் வெள்ளத்தில் தவித்தன. அத்தகைய நாளில் நிறுவனத்தின் மடிக்கணினி நீரில் மூழ்கினால் யார் பொறுப்பு?

அலுவலகத்திற்கு எடுத்த தீ மற்றும் வெள்ளக் காப்பீடு, பொதுவாகப் பாலிசியில் குறித்த முகவரிக்கே பொருந்தும். ஊழியர் தம் வீட்டுக்கு எடுத்த பாலிசியோ அவரது உடைமைகளுக்கானது. நிறுவனத்தின் பொருளை அது காப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் விழும் மடிக்கணினியின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு.

ஃபிக்ஹு என்ன சொல்கிறது? தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பொறுத்தவரை ஊழியர் அமீன். அவர் வரம்பு மீறாமலும் கவனக்குறைவின்றியும் இருந்தால், அழிந்த பொருளுக்கு அவர் ஈடு தர வேண்டியதில்லை, இழப்பு உரிமையாளருடையது. காப்பீடு கூடாது என்று ஃபிக்ஹிலிருந்து ஆதாரம் காட்டுவோர், அதே ஃபிக்ஹின் இந்தச் சட்டத்தை ஏன் மறைக்கிறார்கள்?

1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டைக் கூடாதென்றது. அதே தீர்மானத்தில், பரஸ்பர உதவியால் அமைந்த கூட்டுறவுக் காப்பீட்டை மாற்று வழியாகக் காட்டியது. முதல் பாதியை மனப்பாடம் செய்த நாம் இரண்டாம் பாதியை மறந்துவிட்டோம். மலேசியா 1984இலேயே தக்காஃபுலுக்குச் சட்டம் இயற்றியது. இலங்கையில் அமானா தக்காஃபுல் 1999 முதல் இயங்குகிறது. நம் நாட்டில் அந்த வசதி இல்லை என்பது உண்மை. ஆனால் வசதி இல்லாமையால் பொறுப்பு இல்லாமற் போகாது.

ஆகவே முதலாளிகள் செய்ய வேண்டியவை தெளிவானவை. வீட்டில் இருக்கும் கருவி சேதமடைந்தால் நிறுவனமே ஏற்கும் என்று பணி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பணி நேரத்தையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். வீட்டில் நேர்ந்த காயம் பணியால் வந்ததா என்ற வழக்கு எழும்போது அதுவே ஊழியருக்குச் சான்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், சட்டம் கோரும் இ.எஸ்.ஐ. பதிவைத் தட்டிக்கழிக்காதீர்கள். வாகனத்திற்குச் சட்டக் கட்டாயம் என்று மூன்றாம் நபர் காப்பீடு எடுக்கும் நமக்கு, மனிதருக்கு வரும்போது மட்டும் தயக்கம் ஏன்?

வணிகக் காப்பீட்டை அனுமதிக்கும் ஆலிம்களின் கருத்தை ஏற்போர், ஊழியர்களின் வீட்டு முகவரிகளையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்காதோர் லாபத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். ஜமாஅத்துகள் நன்கொடையாகத் திரட்டி உதவலாம். ஆனால் பணம் பெற்று ஈடு தருவதாக உறுதியளித்தால் அது காப்பீட்டுத் தொழிலாகிவிடும், அதற்கு உரிமம் வேண்டும் என்பதையும் அறிந்திருங்கள். இரண்டில் எதையும் செய்யாமல் தவக்குலை மட்டும் பேசுவது நம் மார்க்கம் காட்டிய வழியன்று. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்புச் சாட்டச் சொன்னார்கள் நபிகளார். இங்கே அவிழ்த்துவிடப்பட்டிருப்பது பிறருடைய ஒட்டகம்.

உழைப்பாளரின் உரிமையைப் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.