கோதுமை நறவுக்குத் தூய்மை உண்டு, தமிழுக்கு வேண்டாவாம்!

வீட்டிலேயே கோதுமை நறவு வடிக்கும் முறையைத் தமிழர்க்குக் கற்பிக்கப் புறப்பட்டிருப்போர், அடுப்பை மூட்டுமுன்னரே தமிழைத் தீயிலிட்டு விடுகின்றனர். “வீட் மால்ட்டை மேஷ் பண்ணு, வோர்ட்டை பாயில் பண்ணு, ஈஸ்ட்டைப் பிட்ச் பண்ணு” – இஃது அவர்தம் தமிழ்! ‘ஐ’ உருபும் ‘பண்ணு’ என்னும் ஏவலும் போக, இதிற் தமிழென்று எஞ்சுவது யாது? ஏனென்று வினவினால், “இது மேனாட்டார் தொழில், தமிழில் அதற்குச் சொல் ஏது?” என்று கூசாது விடையிறுக்கின்றனர்.

குடியைப் பரப்புதல் ஈண்டு நோக்கமன்று. கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் நெறி தமிழர்க்குப் போதும். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமும் வீட்டில் வடித்தலைத் தடுக்கின்றது. வடிப்போர், அதற்கு இசைவுள்ள அயல்நாடுகளில் வாழ்வோர். அவர் வடிக்கட்டும், வடியாதொழியட்டும்! தமிழுக்குச் சொல்லில்லை என்று பழி சுமத்தும் உரிமையை அவர்க்கு ஈந்தவர் யார்?

அத்தொழிலைத் தமிழிற் சொல்லிப் பார்ப்போம். கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் அது முளைக்கோதுமை. அதனிற் பாதிக்குக் குறையாமல் எடுத்து, எஞ்சிய பங்கிற்கு முளைவாற்கோதுமை சேர்க்க வேண்டும். கோதுமை மணிக்கு உமியில்லை. தனித்து நின்றால் களியாகி வடியாது. வாற்கோதுமையின் உமியே வடிகட்டியாக நின்று உதவும். இரண்டையும் கொரகொரப்பாக உடைத்து, 65 பாகை அளவான வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மாப்பொருள் இனிப்பாகும். வடித்த இன்னீரை ஆப்சுக் கொடியின் பூவிட்டுக் கொதிக்கவைத்து, 20 பாகை வரை ஆற்றி, நுரைமம் இட்டு நொதிக்கவிட வேண்டும். கோதுமை நறவில் வீசும் கிராம்பு மணமும் வாழைப்பழ மணமும் எவரும் இட்டவை அல்ல. அந்த நுரைமம் ஈன்றவை. முதன்முறை வடிப்போர் விரைந்து கெடுவது ஓரிடத்தில்: நொதிப்பு அடங்குமுன் குப்பியில் அடைத்து மூடினால், வளி பெருகிக் குப்பி வெடித்துச் சிதறும்.

இதில் எச்சொல் விளங்கவில்லை? ஆப்சு தமிழ்நிலத்து விளையாத கொடி. அதன் பெயர் தமிழொலிக்கு இயைய நிற்பதிற் குற்றமில்லை. ஆனால் முளைக்கும் ஊறலுக்கும் நுரைக்கும் புளிப்புக்கும் அயலானிடம் கையேந்துவது ஏன்? இட்டலி மாவைப் புளிக்கவைக்கத் தெரிந்த வீட்டிலா இச்சொற்பஞ்சம்!

மேனாட்டுத் தொழில் என்பதும் பொய்யே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறை திறந்து பார்த்தாரா இவர்? வலைஞர் குடியிருப்பில் நறவு சமைக்கும் முறை அதிலே அடுக்கடுக்காக உரைக்கப்பட்டுள்ளது. அரிசியைக் களியாகத் துழாவிய ‘துழவை’. அதனை ஆற்றுதற்கு வாயகன்ற ‘பிழா’. அதனொடு கலக்கும் ‘அடை’ – இதனை முளை என்று பொருள்கொள்வர் உரைகாரர். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைவு. பின்னர் விரலால் அலைத்து வடித்த ‘பிழி’. கூலத்தைக் கூழாக்கி, ஆற்றி, முளை சேர்த்து, விளையவைத்து, வடித்தல்! அரிசி நிற்குமிடத்திற் கோதுமையை நிறுத்தினால் வேறுபாடு எவ்வளவு? வீட்டிற் சமைத்த இத்தகைய நறவுக்கு அந்நூலே ‘தோப்பி’ என்று பெயரும் தருகின்றது. பீர் என்னும் சொல்லைச் சுமந்து திரிவோர்க்கு, வீட்டில் வடித்த கூல நறவின் பெயரே ஏட்டில் காத்துக் கிடக்கின்றது.

இனி இவர்தம் இரட்டை நாக்கைக் காண்க. கோதுமை நறவின் தாயகமாகிய பவாரியாவின் தூய்மையாணையைப் பேசத் தொடங்கினால் இவர்க்குக் கண்ணீர் மல்கும். 1516 ஏப்பிரல் 23-இல் வில்லெல்ம், இலூடுவிக்கு என்னும் கோமக்கள் இருவர் இங்கோல்சுடாட்டில் விடுத்த ஆணை அது: வாற்கோதுமை, ஆப்சு, நீர் இம்மூன்றன்றிப் பிறிதொன்றும் நறவிற் சேரலாகாது. (அவ்வாணைப்படி கோதுமையே விலக்குண்டது என்பதை இவர் அறியார்! அப்பத்திற்குரிய கூலம் நறவாகிவிடலாகாதென்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கோதுமை நறவு வடிக்கும் தனியுரிமை தேகன்பெர்கு என்னும் பெருங்குடியிடம் இருந்து, அக்குடி அற்றபின் 1602-இற் கோமகன் மாக்சிமிலியனுக்குச் சென்றது; 1872-இற்றான் கியோர்கு சினைடர் என்னும் மூனிக்கு நகர நறவாளர் கைக்கு வந்தது.) குடத்திற் புறப்பொருள் ஒன்று கலவாமற் காத்தால் அது பண்பாடாம், போற்றத்தக்க மரபாம். அவ்வாணைக்குச் சரியாக 400 ஆண்டு கழித்து, 1916-இல் மறைமலையடிகள் மொழியிற் புறச்சொல் கலவாமற் காக்க முற்பட்டால் அது வெறியாம்! வயிற்றிற்குள் போவதற்கு ஒரு நீதி, வாயினின்று வருவதற்கு ஒரு நீதியோ?

அன்றியும், அவ்வாணை இலத்தீனில் எழுதப்படவில்லை. கற்றோர் மொழி இலத்தீனாக இருந்த காலத்திலேயே, நறவு வடித்த மக்கள் பேசிய செருமானியத்தில் எழுதப்பட்டது. இன்றும் பவாரிய நாட்டார் நுரைமத்தை ‘ஏபெ’ என்கின்றனர். மேலெழுப்புவது என்பது அதன் வேர்ப்பொருள். மாவை எழுப்பக் கண்டார், பெயரிட்டார். தமிழன் நுரையைக் கண்டு நுரைமம் என்றான். அவர் சொல்லைக் கேட்டுத் தலையசைப்போர், இதைக் கேட்டுமட்டும் நகைப்பதேன்?