சரித்திரம் படிக்கப் போகிறாளா உங்கள் பெண்?



சுவாமிமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். பி.ஏ. சரித்திரம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாளாம். இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில் சமாதானம் இல்லை. "அக்பர் எந்த வருஷம் செத்தால் நமக்கென்ன? கம்ப்யூட்டர் படித்தாலாவது நாளைக்கு ஒரு வேலை கிடைக்கும்" என்கிறாராம் தகப்பனார். "கலியாணம் ஆகிற வரை பொழுது போகணும், அதுக்கு எதைப் படிச்சா என்ன?" என்கிறாராம் பாட்டி. இந்தச் சகோதரி கேட்பது வேறு: "சேர்ந்தாயிற்று. இனி இந்த மூன்று வருஷத்தை எப்படித் திட்டம் போட்டால் குழந்தைக்குப் பிரயோஜனப்படும்? எந்தெந்தப் பாடத்தை எடுக்கச் சொல்லட்டும்?"

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்! ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தகப்பனார் கவலையை அலட்சியம் செய்யாதீர்கள். திட்டமில்லாமல் படித்தால் அவர் சொல்வதுதான் பலிக்கும். பரீட்சைக்கு முதல் வாரம் நோட்ஸை உருப்போட்டு, எழுதி, வெளியே வந்ததும் மறந்து, மூன்று வருஷம் கழித்துக் கையில் ஒரு காகிதத்துடன் நிற்கும் பெண்கள் எத்தனை பேர்! தப்பு சரித்திரத்தின் மேல் இல்லை, படித்த விதத்தில்தான்.

கலியாணத்துக்குச் சாமான் ஜாபிதா போடுகிறோம். எத்தனை பேர், எத்தனை வேளை என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டுத்தானே பருப்புக்கும் வெல்லத்துக்கும் போகிறோம்? அதைப் போலவே, படிப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்துக் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. மூன்று வருஷம், ஆறு செமஸ்டர். பாடங்கள் ஐந்து பகுதியாக இருக்கும். முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி. இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதுதான் சரித்திரம், அதோடு துணைப் பாடமும் விருப்பப் பாடமும் சேரும். நாலாவதில் சுற்றுச்சூழல், திறன் பயிற்சி, வேறு துறையிலிருந்து எடுக்கும் பாடம் முதலியவை. ஐந்தாவது நாட்டு நலப்பணி போன்ற சேவை. தன்னாட்சிக் கல்லூரியானால் பாடத்திட்டத்தை அவர்களே வகுப்பார்கள். ஆகவே சேர்ந்த முதல் வாரமே ஆறு செமஸ்டருக்கும் உள்ள பாடத்திட்டத்தை வாங்கிச் சமையலறை நாட்காட்டி பக்கத்தில் ஒட்டிவிடச் சொல்லுங்கள். பாதிப் பேர் மூன்றாம் வருஷம்தான் அதைக் கண்ணால் பார்க்கிறார்கள்!

"சரித்திரத்தில் பிரியம், மற்றதெல்லாம் எதற்கு?" என்று பெண் கேட்கலாம். அதற்குப் பதில் குடந்தையிலேயே இருக்கிறது. காவேரிக் கரையில் 1854-ல் தொடங்கிய அரசினர் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையுடன் ஒரு பையன் சேர்ந்தான். கணக்கென்றால் உயிர், மற்றப் பாடங்கள் வேம்பு. ஆங்கிலத்தில் தேறவில்லை. உதவித்தொகை போயிற்று. அந்தப் பையன்தான் கணித மேதை ராமானுஜன். அவர் மேதையாக இருந்ததால் பின்னால் உலகம் தேடி வந்தது. நம் வீட்டுக் குழந்தைகள் அந்தத் தைரியத்தில் இருக்கக் கூடாது. முதல் இரண்டு பகுதியிலும் மார்க் கெடாமல் பார்த்துக்கொள்வது முதல் வருஷத்தின் முதல் வேலை. சரித்திரம் படிக்கிறவளுக்குத் தமிழும் ஆங்கிலமும் பக்கவாத்தியம் அல்ல. கல்வெட்டு தமிழில் இருக்கிறது. அதைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

அடுத்தது மூலப் பாடங்கள். தமிழ்நாடு, இந்தியா, வெளியுலகம், சரித்திரம் எழுதும் முறை என்று அவற்றை நாலு கூடையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. நாலாவதைத்தான் மாணவிகள் கண்டு நடுங்குகிறார்கள். வரலாற்று வரைவியல் என்று அதற்குப் பெயர். ஒரு சேதி உண்மை என்று எப்படித் தெரியும், யார் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது அது. மாதர் சங்கத்தில் ஒரு வம்பு வந்தால் நாம் செய்வதும் இதுதானே? பயப்பட ஒன்றுமில்லை! விருப்பப் பாடம் எடுக்கும்போது ஒரே கூடையில் எல்லாவற்றையும் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சோழர் மேல் ஆசை என்று எல்லாவற்றையும் சோழராகவே எடுத்தால், சீனாவிலும் ஐரோப்பாவிலும் அப்போது என்ன நடந்தது என்று தெரியாமலே போகும்.

துணைப் பாடத்தைச் சில இடங்களில் கல்லூரியே தீர்மானித்துவிடும். சில இடங்களில் நாமே தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்க முடிந்தால், மூன்று வருஷம் கழித்து எங்கே போக உத்தேசம் என்று பார்த்து எடுக்க வேண்டும். ஐ.ஏ.எஸ்., டி.என்.பி.எஸ்.ஸி. என்று கனவிருந்தால் அரசியல் அறிவியலோ பொது நிர்வாகமோ நல்லது. ஐ.ஏ.எஸ். முதல் நிலைத் தேர்விலும் முதன்மைத் தேர்வின் பொதுத் தாளிலும் சரித்திரம் வருகிறது. விருப்பப் பாடமாக எடுத்தால் இன்னும் இரண்டு தாள். பள்ளி ஆசிரியை ஆக வேண்டுமானால் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் பி.எட்., அப்புறம் தகுதித் தேர்வு. அதற்குப் பொருளாதாரமும் புவியியலும் கைகொடுக்கும். அகழாய்வு, கல்வெட்டு என்று மனம் போனால் முதுகலையும் படிக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவள் கல்வெட்டியல் என்ற பெயரில் எது கிடைத்தாலும் விடக் கூடாது. இன்னும் தீர்மானமாகவில்லையா? பரவாயில்லை, பொருளாதாரம் எடுக்கட்டும். எந்தப் பக்கம் போனாலும் வீணாகாது.

ஏன் என்று சொல்கிறேன். நொபோரு கரஷிமா என்று ஒரு ஜப்பானியர். 1933-ல் பிறந்து 2015-ல் காலமானவர். தமிழ் கற்றுக்கொண்டு நம் கல்வெட்டுகளைப் படித்தார். காவேரிக் கரையில் திருச்சிப் பக்கத்து அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் எடுத்துக்கொண்டு, கோயில் சுவரில் நிலம் விற்றவர், வாங்கியவர் பெயர்களை எல்லாம் எண்ணினார். பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊரில் நிலம் தனித்தனி ஆட்கள் பெயரில் இருந்தது; மற்ற ஊரில் ஊராருக்குப் பொதுவாக இருந்தது என்று 1966-ல் எழுதினார். ராஜாக்களின் யுத்தத்தையே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, நிலம் யாருடையது என்ற கேள்வி அப்படிச் சுவரிலிருந்து எழுந்து வந்தது. பிறகு அவரும் எ. சுப்பராயலுவும் தோரு மாட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வரிசைப்படுத்தி 1978-ல் புஸ்தகமாகவே போட்டார்கள். கம்ப்யூட்டர் படிக்கவில்லையே என்று வருந்தும் தகப்பனாரிடம் இதைச் சொல்லுங்கள். சரித்திரம் படிக்கிற பெண்ணும் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாம். வேறு துறையிலிருந்து எடுக்கும் பாடத்துக்கு அது பொருத்தமானதுதான்.

இனி இரண்டாம் வருஷம். இதில் கட்டாயம் செய்ய வேண்டியது ஊர் சுற்றுவது! லீவு நாளில் மாதம் ஒரு இடம் போதும். சுவாமிமலைப் பெண்ணுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் சென்னைப் பெண்ணுக்கு இல்லை. பக்கத்தில் திருப்புறம்பயம். சுமார் 880-ல் பாண்டியனுக்கும் பல்லவனுக்கும் நடந்த பெரும் போர் அங்கேதான். பல்லவனுக்குத் துணை வந்த கங்க மன்னன் பிருதிவீபதி அதில் மாண்டான். அதன் பிறகு தலையெடுத்தவர்கள் சோழர்கள். குடந்தைக்குப் போகிற வழியில் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. ரெயில் ஏறினால் தஞ்சாவூர். அங்கே பெரிய கோயிலும் சரஸ்வதி மகால் நூலகமும்.

பெரிய கோயில் கல்வெட்டை மட்டும் பெண்ணோடு நீங்களும் போய்ப் பாருங்கள். தான் கொடுத்ததையும், அக்காள் கொடுத்ததையும், தன் மனைவியர் கொடுத்ததையும், மற்றவர் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். வரிசையைப் பார்த்தீர்களா? மனைவியருக்கு முன்னால் அக்காள் குந்தவை! அதே கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருத்திக்கும் விவரம் உண்டு. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். ஆனால் பிறந்த ஊரை விட்டு வர அவர்களுக்கு இஷ்டமா என்று கல்வெட்டு சொல்லவில்லை. சொன்னதைப் படிப்பதோடு, சொல்லாமல் விட்டது எது என்றும் பார்க்கிற பெண் சரித்திரம் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

மூன்றாம் வருஷம் சில கல்லூரிகளில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். கடையில் காசு கொடுத்து அச்சடித்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சே வேண்டாம். வீட்டு வாசலிலேயே விஷயம் இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறைக்குப் போகட்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, தென்னை ஓலையை மடித்து அளவு பிடித்து, காவேரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. இதெல்லாம் டூரிஸ்டுக்கும் சொல்வார்கள். மாணவி கேட்க வேண்டியவை வேறு. தாத்தா காலத்தில் செம்பு எங்கிருந்து வந்தது? யார் வாங்கினார்கள்? கடல் கடந்த ஊர்களிலிருந்து ஆர்டர் எப்போது வரத் தொடங்கியது? வீட்டுப் பெண்கள் பட்டறையில் என்ன வேலை செய்தார்கள், கூலி உண்டா? இப்படி 20 பேரைக் கேட்டு எழுதினால், எந்த கைடிலும் இல்லாத கட்டுரை கிடைக்கும்.

தொடர்கதை படிக்கக் கூடாது என்று மட்டும் தடுக்காதீர்கள்! 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வ'னைப் படித்துத்தான் எத்தனையோ பேர் சோழ நாட்டுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அதைப் படித்த கையோடு நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்', சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது கல்வெட்டு, எது கற்பனை என்று பென்சிலால் குறிக்கட்டும். வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டிலேயே இருக்கிறது. ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. இந்தப் பயிற்சி பத்து நோட்ஸுக்குச் சமம்.

பண்டாரத்தார் யார் தெரியுமா? 1892-ல் அந்தத் திருப்புறம்பயத்திலேயே பிறந்தவர். குடந்தை பாணாதுரைப் பள்ளிக்கூடத்தில் கால் நூற்றாண்டு தமிழ் வாத்தியார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுப் படித்தார். பிறகு 1942-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. சுவாமிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரர் எழுதியதை இன்று சோழர் சரித்திரம் படிக்கிறவர்கள் எல்லோரும் புரட்டுகிறார்கள். உங்கள் பெண்ணுக்குத் தூரமென்ன?

ஆகக் கூடி, முதல் வருஷம் மொழிகளும் காலவரிசையும். இரண்டாம் வருஷம் துணைப் பாடமும் நேரில் பார்ப்பதும். மூன்றாம் வருஷம் ஆராயும் முறையும் சொந்தக் கட்டுரையும். தினம் பத்துப் பக்கம், அதில் தோன்றிய ஒரு கேள்வி, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். பாட்டியிடம் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் பெண்ணாக இருந்தபோது படிப்பு எந்த வகுப்போடு நின்றது, ஏன் நின்றது என்று பேத்தியை உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் செமஸ்டருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கலியாணக் கணக்கு, மொய் நோட்டு, நிலப் பத்திரம், ஏட்டுச் சுவடி ஏதாவது கிடக்கிறதா? தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அரிசி என்ன விலை, யார் வந்தார்கள், யாருக்கு என்ன புடவை என்று அதில் எழுதியிருப்பதெல்லாம் எந்தக் கோயில் சுவரிலும் கிடைக்காத சேதி. அதைப் படிக்க எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் என்றைக்காவது வந்து கதவைத் தட்டுவாள். அதுவரை கரையான் அரிக்காமல் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருங்கள்.