கல்லூரிக்கு ஏற்ற ஊர்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாணாக்கர் பலருடைய நெஞ்சம் சென்னையை நோக்கியே ஓடுகின்றது. பெருநகரிற் கற்றாலன்றிப் பெருங்கல்வி வாய்க்காது என்பது அன்னோர் துணிபு. பெரிய நூலகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் ஆங்கு மிகுதி என்பது மெய்யே. எனினும், இளங்கலை பயிலும் மூன்றாண்டுகட்குக் கும்பகோணம் போன்ற நடுத்தர நகரமே பெரும்பாலார்க்கு ஏற்றதாகும்.

காவிரிக் கரையிலுள்ள கும்பகோணம் அரசினர் கல்லூரி 1854-இல் பள்ளியாகத் தோன்றிப் பின்னர்க் கல்லூரியாக உயர்ந்தது. 1880-இல் உ. வே. சாமிநாதையர் அங்குத் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே, அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களை ஐயர் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தும் முதலியார் வியந்திலர்; சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினார். ஐயர் அதுகாறும் அந்நூலைக் கண்டதில்லை. முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் படியைப் பின்னர் அளித்தார். நூலிலுள்ள சமண சமயச் செய்திகள் விளங்காமல் ஐயர் இடர்ப்பட்டபொழுது, அவற்றை விளக்கவல்ல சமணரும் அவ்வூரிலேயே வாழ்ந்தனர். ஐயர் அவர்தம் இல்லம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அச்சிடுதற்கு மட்டும் அவர் சென்னை செல்ல நேர்ந்தது.

நீதிமன்றமும் கல்லூரியும் கடைத்தெருவும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்த ஊரிலே, பல துறை அறிஞரைக் கண்டு அளவளாவுதல் எளிது. பெருநகரிலோ ஆசிரியர் ஒரு கோடியிலும் மாணாக்கர் மறு கோடியிலும் வாழ்வர். மணியடித்தவுடன் பேருந்தைத் தேடி ஓடுவோர்க்கு ஐயம் வினவப் பொழுதேது?

செலவு ஒன்றும் சிறிய செய்தியன்று. வலங்கைமானிலோ பாபநாசத்திலோ வாழும் உழவர் மகள் காலையிற் பேருந்தேறிக் கும்பகோணம் வந்து, மாலையில் வீடு திரும்பலாம். மகளிர்க்கெனத் தனி அரசினர் கல்லூரியும் அங்கு உளது. சென்னைதான் வேண்டும் என்று நின்றால், விடுதிக் கட்டணத்துக்கு அஞ்சிய பெற்றோர் அவளது படிப்பையே நிறுத்திவிடுதலும் கூடும்.

கணித மேதை இராமானுசன் 1904-இல் இதே கல்லூரியிற் சேர்ந்தும், பிற பாடங்களைப் புறக்கணித்து உதவித்தொகையை இழந்தாரே என்பர் சிலர். வருந்தத்தக்க நிகழ்ச்சியே அது. ஆயின் பின்னர்ச் சென்னையிற் பயின்றபொழுதும் அவர் தேர்வில் வென்றாரல்லர். குற்றம் தேர்வு முறையினதேயன்றி ஊரின் அளவினதன்று.

உயர் ஆராய்ச்சிக்குப் பெருநகர் செல்வதை யாரும் தடுப்பாரல்லர். சாமிநாதையரும் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அப்பொழுது அவர்க்கு அகவை 48. சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும், அவர் கும்பகோணத்து ஆசிரியராய் இருந்தபொழுதே வெளிவந்துவிட்டன.