அம்மாவை ஏன் இழுக்கிறீர்கள்? நகைச்சுவையில் தாயை வைது சிரிப்பது பற்றி எங்கள் நிலைப்பாடு

பள்ளி ஆசிரியர்களும் நாடகக் கலைஞர்களும் சேர்ந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தரும் அமைப்பு எங்களுடையது. பிள்ளைகளைச் சிரிக்க வைக்காமல் எங்கள் வேலை ஒரு நாள்கூட நடக்காது. எனவே சிரிப்புக்கு எதிராகப் பேசுகிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதிராளியை மடக்க அவன் அம்மாவை இழுத்துச் சிரிப்பு வாங்கும் வசனத்தை இனி எங்கள் மேடையில் பேச மாட்டோம், எழுத மாட்டோம், எங்களிடம் வரும் பிள்ளைகளுக்குப் பழக்கவும் மாட்டோம். சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் யூடியூபுக்கும் கல்லூரிக் கலைவிழாக்களுக்கும் எழுதுகிறவர்கள் இதைத் தாங்களாகவே விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறோம். தடையோ வழக்கோ கேட்கவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

இந்த முடிவு ஒரு கோடை முகாமில் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க ஒரு சொல் விளையாட்டு வைத்திருக்கிறோம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தினமும் பேசுகிற ஒரு சொல்லை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று தமிழய்யா சொல்வார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், முகாமிலேயே நன்றாக நடிக்கிறவன், தன் முறை வந்ததும் "கம்மனாட்டி" என்றான். கூடமே வெடித்துச் சிரித்தது. அய்யா நிதானமாக, "கைம்பெண்டாட்டிங்கிற சொல்லு தேஞ்சு இப்படி ஆச்சுப்பா. புருஷனை இழந்த பொம்பளைன்னு அர்த்தம்" என்றார். மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவன் மட்டும் நிறுத்திவிட்டான். கால் பெருவிரலால் பாயின் ஓரத்தை நெருடிக்கொண்டே இருந்தவன், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "அப்ப அது எங்கம்மாவா சார்?"

அவன் அப்பா இறந்து மூன்று வருஷம். அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறவர். இரண்டாம் வகுப்பிலிருந்தே கிரிக்கெட் ஆடும்போதெல்லாம் இந்தச் சொல்லை எதிரணிமேல் எறிந்து வந்திருக்கிறான். எங்கே கற்றாய் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்நேரமும் ஓடும் காமெடிச் சேனல்கள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. எங்கள் பழைய நாடகம் ஒன்றிலும் அந்தச் சொல் இருந்தது. பஞ்சாயத்துத் தலைவராக வருகிறவர் அதைச் சொல்லும் இடத்தில் ஒவ்வொரு ஊரிலும் கைதட்டல் விழும். அந்தக் கைதட்டலை ஆண்டுக்கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

அன்று இரவு ஆசிரியர்கள் உட்கார்ந்து, பிள்ளைகள் வாயில் சாதாரணமாக வரும் வசைகளை எழுதிப் பார்த்தோம். கம்மனாட்டி, முண்டை, அறுதலி. மூன்றுக்கும் பொருள் ஒன்றே, கணவனை இழந்தவள். பின்னால் ஒரு 'மகனே' சேர்ந்துவிட்டால் அது அடுத்தவன் அம்மாமேல் போய் விழுகிறது. மனைவியை இழந்த ஆணின் நிலையைத் தொல்காப்பியம் தபுதார நிலை என்கிறது. தபுதாரன் என்று யாராவது யாரையாவது வைது கேட்டிருக்கிறீர்களா? 'உங்கம்மா' தேய்ந்து 'ங்கொம்மா' ஆகி, வாக்கியத்துக்கு வாக்கியம் கமா போடுவதுபோல வந்து விழுகிறது. பேசுகிற பையனுக்கே அது ஒரு சொல் என்ற நினைப்பில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வசை ஒன்று இருக்கிறது. அதை இங்கே அச்சிடவில்லை, வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். அது தேவரடியார் என்ற சொல்லின் சிதைவு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, அங்கே குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்ற விவரமும் உண்டு. கல்லில் பெயர் வெட்டப்பட்ட பெண்கள் அவர்கள். அவர்களைப் போலக் கோயிலுக்கென்று இருந்த பெண்களின் பெயர்தான் பல நூற்றாண்டுகள் கழித்து, ஆதரவு போய், சுரண்டல் மிஞ்சி, தெருச்சண்டையில் அடுத்தவன் அம்மாமேல் எறியும் சேறாக ஆனது.

பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயார் சந்திரம்மாள் அப்படிப் பொட்டுக் கட்டும் சமூகத்திலிருந்து வந்தவர். பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கிய அந்த மருத்துவரின் அம்மாவைத்தான் அந்த வசை சுட்டுகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதே சமூகத்தில் வளர்ந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 1936இல் அந்த வாழ்க்கையை நாவலாகவும் எழுதினார். 1947இல் சட்டம் வந்தது. இன்று அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் அந்த அம்மையாரின் பெயரில்தான் நடக்கிறது. அந்தப் பணத்தை வாங்கப்போகிற பிள்ளை உட்கார்ந்திருக்கும் அதே வகுப்பில், பின் பெஞ்சிலிருந்து அந்தச் சொல் பறந்து வருகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் நோட்டில் மூவலூர் இராமாமிர்தம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

அந்த வசை ஏன் அவ்வளவு உறைக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். "உன் அப்பன் யாரென்று தெரியாது" என்பதுதான் அதன் உள்ளர்த்தம். குலம், சாதி, சொத்து எல்லாம் அப்பன் பெயரில் ஓடுகிற ஊரில், அதற்கெல்லாம் அத்தாட்சியாக அம்மாவின் உடம்பை வைத்திருக்கிறோம். பட்டாவைக் கிழித்தால் நிலக்காரனுக்கு வலிக்கிற மாதிரி மகனுக்கு வலிக்கிறது. அந்த அம்மா எப்படிப்பட்டவர், என்ன வேலை செய்கிறார், எதற்குச் சிரிப்பார் என்பதெல்லாம் வைகிறவனுக்கும் வேண்டாம், வெகுண்டு எழுகிற மகனுக்கும் வேண்டாம். திரையில் தாயின் காலில் விழுந்து கண்ணீர் விடும் நாயகன், அடுத்த காட்சியிலேயே இன்னொருவன் தாயை இழுத்துப் பேசிக் கைதட்டு வாங்க முடிவதும் இதனால்தான். இரண்டு இடத்திலும் தாய் ஓர் ஆள் அல்ல, மானத்தின் பேர்.

"சும்மா தமாஷ்தானே, உலகமெல்லாம் இருக்கிறதே" என்று எங்கள் இளைய நண்பர்கள் சொன்னார்கள். இருக்கிறதுதான். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களிடம் 'டஸன்ஸ்' என்றொரு வாய்ச்சண்டை விளையாட்டு உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் அம்மாவை ஒருவர் மாற்றி மாற்றிக் கேலி செய்ய வேண்டும். முதலில் கோபப்படுகிறவன் தோற்றான். ராப் இசையின் வேர்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். 2006இல் எம்டிவி அதையே போட்டி நிகழ்ச்சியாக்கியது. 1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மொழியியலாளர் வில்லியம் லபோவ் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார். அந்தக் கேலி அப்பட்டமான பொய்யாக இருக்க வேண்டும், கேட்கிற எல்லோருக்கும் அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் எதிராளி அதைவிடப் பெரிய பொய்யால் பதில் சொல்வான். உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கிவிட்டால் விளையாட்டு முறிந்துபோகும். அவன் பதில் கேலி செய்ய மாட்டான், "இல்லை, அப்படி இல்லை" என்று மறுக்கத் தொடங்குவான். அந்தப் பையன்கள் வகுத்துக்கொண்ட எல்லை அது. அங்கேயும் அம்மாக்கள் பட்டபாட்டை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்களிடம் இருந்த எல்லைகூட நம் காமெடிக் காட்சிகளில் இல்லை. நம் வசைகள் எட்டாத கற்பனையைச் சொல்வதில்லை. விதவை என்கின்றன, நடத்தை கெட்டவள் என்கின்றன. கேட்கிற கூட்டத்தில் அந்த விதவையின் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

நம்மிடமும் இதற்கு ஒரு மரபு இருந்தது. கல்யாண வீடுகளில் சம்பந்தி ஏசல் பாடுவார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுடைய நடை, சமையல், கஞ்சத்தனம் எல்லாம் பாட்டில் வரும். பாடுகிறவர்களும் பெண்கள். பாட்டு வாங்குகிற சம்பந்தியம்மா பாயில் எதிரே உட்கார்ந்திருப்பார். அடுத்த பாட்டை அவர் பக்கத்து அக்கா எடுப்பார், அதில் பெண் வீட்டார் மானம் பறக்கும். ஒரு தாயைக் கேலி செய்ய அதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவரே அங்கே இருக்கிறார், திருப்பிக் கொடுக்கிறார். திரையில் வரும் வசையில் அந்த அம்மா எங்கேயும் இல்லை. தொலைக்காட்சி மேடையில் ஆண்களே சேலை கட்டிக்கொண்டு குண்டு மாமியாராக வந்து உதை வாங்கும்போதும் இல்லை.

தடை கேட்காததன் காரணம் இது. 2017 நவம்பரில் வந்த 'நாச்சியார்' பட டீசரின் கடைசியில், மேலே அச்சிடாமல் விட்ட அந்தச் சொல்லை ஜோதிகா பேசியபோது வழக்குவரை போனது. ஆனால் பெரும்பாலோர் கேட்டது, "ஒரு பெண் இப்படிப் பேசலாமா" என்று. சொல் யார்மீது விழுகிறது என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிவிட்டது. 2023 அக்டோபரில் 'லியோ' முன்னோட்டத்தில் விஜய் அதையே பேசியபோது எதிர்ப்பு வர, ஒலியை நீக்கினார்கள். இரண்டும் கோபக் காட்சிகள், நகைச்சுவை அல்ல. ஆனால் இப்படி ஒலி அறுந்த காட்சிகள் திரையரங்கில் ஓடும்போது கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒலி நின்ற இடத்தை உதட்டசைவு பார்த்து முன்வரிசை முழுக்க நிரப்பும், உடனே சிரிப்பு அலையாக எழும். கோபமாக எழுதப்பட்ட வசனம் ஒலியை வெட்டியதாலேயே தமாஷாக மாறிவிடுகிறது. தணிக்கையின் கத்தரி இதற்குப் பயன்படாது.

வாழ்க்கையை உள்ளபடி காட்டும் படங்களிலும் நாடகங்களிலும் பாத்திரங்கள் வையத்தான் செய்வார்கள். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. வைதவன் யார், வாங்கியவனுக்கு என்ன ஆயிற்று என்று அந்தக் கதை காட்டினால் போதும். ஒன்றை மட்டும் மறுக்கிறோம். இந்த வசைகள் வடசென்னையின் மொழி, குடிசைப் பகுதியின் மொழி என்று சினிமா நம்மைப் பழக்கியிருக்கிறது. கார் கண்ணாடியை இறக்கி அதே சொல்லைச் சொல்கிற கனவான்களை நாங்கள் எல்லா ஊர்ச் சிக்னலிலும் பார்க்கிறோம்.

எங்கள் முகாம்களில் இப்போது ஒரு பயிற்சி நடக்கிறது. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று வைதுகொள்ள வேண்டும். அம்மா, அக்கா, சாதி, நிறம், ஊனம் எதையும் தொடக்கூடாது. முதல் இரண்டு நிமிஷம் வாயே வராது, திணறுவார்கள். பிறகு மடை திறக்கும். "டவரே இல்லாத ஊர்ல வித்த சிம் கார்டு மாதிரி நிக்கிறியே" என்று ஒருவன் தொடங்க, "பரீட்சை முடிஞ்சப்புறம் படிச்ச பாடம்டா நீ" என்று எதிரே நிற்பவள் கொடுப்பாள். கிராமத்துப் பிள்ளைகள் ஆட்டையும் ரேஷன் கடையையும் மினி பஸ்ஸையும் வைத்து எடுக்கிற உவமைகளை நாங்கள் எழுதிவைத்து வருகிறோம். கலைவிழா நடத்தும் கல்லூரிகள் கேட்டால் பயிற்சியாளர்களை அனுப்புகிறோம், கட்டணம் இல்லை. நகைச்சுவை எழுத்தாளர்கள் வந்து ஒரு மதியம் அந்த வட்டத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

எங்கள் பழைய நாடகத்தில் பஞ்சாயத்துத் தலைவர் பேசும் அந்த இடத்தை மாற்றிவிட்டோம். புதிய வசனத்தை எழுதியவன் அந்த எட்டாம் வகுப்புப் பையன்தான்: "ஏலே, தண்ணி வராத குழாய்க்குப் பூட்டு போட்டவனே!" அவன் ஊரில் அதைப் போட்டபோது குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வந்து நின்ற பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். அவன் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.