அலங்காரம் அன்று, அவசியம்



மார்பகப் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்ணைக் காண வருவோர், "உயிர் பிழைத்ததே பெரிது" என்று ஆறுதல் கூறிச் செல்வர். உண்மைதான். ஆயினும் அதன் பின்னர் அவள் வாழவேண்டிய நாள்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைப் பற்றி நம் வீடுகளில் எவரும் வாய் திறப்பதில்லை.

ஒரு மார்பகம் அகற்றப்பட்டால் உடலின் எடைச் சமநிலை மாறக்கூடும். தோள் ஒருபுறம் சாய்வதும், கழுத்திலும் முதுகிலும் வலி தோன்றுவதும் உண்டு. உள்ளாடையினுள் வைத்து அணியும் செயற்கை மார்பகம் இக்குறையை ஈடுசெய்ய உதவுகிறது. புண் ஆறும்வரை பஞ்சு போன்ற இலேசான ஒன்றையும், ஆறிய பின்னர் இயற்கை எடையை ஒத்த சிலிக்கானால் ஆனதையும் அணிவர். இதனை அலங்காரப் பொருள் என்று ஒதுக்குவது எவ்வகையில் நியாயம்? காலிழந்தவருக்குச் செயற்கைக் கால் சிகிச்சையின் தொடர்ச்சி என்றால், இதுவும் அவ்வாறே அன்றோ?

இதனை உணர்ந்த ஆஸ்திரேலிய அரசு, 2008ஆம் ஆண்டு நாடு முழுமைக்குமான உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மார்பகப் புற்றுநோயால் மார்பகத்தை இழந்து, 'மெடிகேர்' எனும் பொது மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி பெற்றிருக்கும் பெண்கள், செயற்கை மார்பகம் ஒன்றுக்கு 400 ஆஸ்திரேலிய டாலர் வரை திரும்பப் பெற அது வழிவகுத்தது. இரு மார்பகங்களையும் இழந்தோருக்கு இரண்டுக்கும் உண்டு. ஈராண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

நல்ல திட்டமே. எனினும் ஒரு குறை. முதலில் கைப்பணத்தால் வாங்கி, ரசீதைக் காட்டிய பின்னரே தொகை கிடைக்கும். கையில் பணமில்லாத ஏழைப் பெண் என் செய்வாள்? பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையோ பொருளையே இலவசமாக வழங்குகிறது. தேய்ந்து போனால் மாற்றியும் தருகிறது. ஏழைகளின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதுவே மேலான முறை எனலாம்.

அந்நாடுகளில் வாழும் உங்கள் மகளோ, மருமகளோ, உறவினரோ இந்நிலையில் இருந்தால் இச்செய்தியை அவர்களுக்கு எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் இருப்போர் ரசீதைப் பத்திரப்படுத்தட்டும். கணவன்மார்கள் தாமே முன்வந்து விசாரித்து, விண்ணப்பத்தை நிரப்பித் தரட்டும். அவள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பலர் கேட்கவே மாட்டார்கள்.

நாணம் நமக்கு அணிகலன்தான். வலியைப் பொறுத்துக்கொண்டு உரிமையை இழப்பதற்கு அது காரணமாகிவிடக் கூடாது.