நிறுத்துறது ஷட்டர் இல்ல சாமி, வெளிச்சம்!

சொட்டுற தண்ணி, தண்ணிக்குள்ள விழுற கோலிக்குண்டு, சுத்துற பம்பரம்... இதையெல்லாம் வீட்டுலயே படம் புடிக்கணும்னு ஒருத்தன் ஆசைப்பட்டா முதல்ல என்ன சொல்றாங்க? "இந்த கேமரா பத்தாது தம்பி, 1/8000 ஷட்டர் இருக்குறதா வாங்கு, இ.எம்.ஐ. போட்டுக்கலாம்." கடைக்காரர் சொன்னா அது அவர் பொழப்பு. விவரம் தெரிஞ்ச நம்மாளுங்களும் அதையே ஒப்பிக்கிறாங்க பாருங்க, அதுதான் எரிச்சல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கான்ட்ராக்ட் வேலை பார்க்குற பையன் தலையில இதுக்காக ஒரு கடன் ஏறணுமா?

கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 செ.மீ. உயரத்துல இருந்து விழுற சொட்டு, கீழே வரும்போது நொடிக்கு சுமார் 2.4 மீட்டர் வேகத்துல இருக்கும். 1/200 நொடியில 12 மி.மீ. நகர்ந்துடும். படத்துல வெறும் கோடுதான். 1/8000-ல 0.3 மி.மீ. சரி, நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ்வளவு குறைஞ்ச நேரத்துக்கு வீட்டு டியூப்லைட் வெளிச்சம் எந்த மூலைக்கு? ஐ.எஸ்.ஓ.வை ஏத்துனா படம் பூரா புள்ளி.

இப்ப இன்னொரு வழி. ரூமை இருட்டாக்குங்க. ஷட்டர் 1/200-லயே இருக்கட்டும். கேமராவுல மாட்டுற பழைய ஃப்ளாஷ் ஒண்ணை மேனுவல்ல 1/64 பவர்ல வைங்க. பல ஃப்ளாஷ்கள் அந்த பவர்ல எரியுறதே சுமார் 1/20,000 நொடிதான். அதுக்குள்ள சொட்டு நகர்றது 0.12 மி.மீ. மத்த நேரமெல்லாம் இருட்டு, பதிவாக ஒண்ணுமில்ல. பவர் கம்மியாச்சேன்னா, ஃப்ளாஷை சொட்டுக்குப் பக்கத்துல கொண்டு வாங்க. அம்புட்டுதான். (செல்போன்ல இருக்குற எல்.இ.டி. இதுக்கு ஆகாது, அது ரொம்ப நேரம் எரியும்.)

இது என் கண்டுபிடிப்பு இல்ல. ஆர்தர் வொர்திங்டன் மின்பொறி வெளிச்சத்துல தண்ணி தெறிக்குறதைப் படம் புடிச்சு 1908-லயே புத்தகம் போட்டுட்டார். எம்.ஐ.டி.யின் ஹெரால்டு எட்ஜர்டன் 1957-ல எடுத்த பால் சொட்டு கிரீடம் உலகப் பிரசித்தம், அதுவும் ஃப்ளாஷ் வேலைதான். நம்ம சி.வி. ராமன், நிதித்துறை உத்தியோகம் பார்த்துக்கிட்டே அதிர்வுகளைப் படம் புடிச்சு 1911-ல ஆய்வுக்கட்டுரை எழுதினார். யாரும் 1/8000-க்குக் காத்திருக்கல.

சொல்லப்போனா நம்ம ஏரியா ஆளுங்களுக்கு இது புதுசே கிடையாது. சோக்கு வச்ச டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். சரியான வேகத்துல சுத்துற லேத் சக்கு அந்த வெளிச்சத்துல நிக்குற மாதிரி தெரியும். நம்பித் தொட்டா விரல் போச்சு. அதனாலதான் பட்டறையில பக்கத்து பக்கத்து டியூப்களுக்கு வேற வேற ஃபேஸ் குடுப்பாங்க. மெயின்டனன்ஸ்காரங்க ஸ்ட்ரோபாஸ்கோப் வச்சு ஆர்.பி.எம். பார்க்குறதும் இதே சங்கதிதான். வேலையில தெரிஞ்ச விஷயம், கேமரா கடைக்குள்ள நுழைஞ்சதும் எப்படிங்க மறந்து போகுது?

பட்டப்பகல்ல பழவேற்காட்டுல பறக்குற பறவையை எடுக்கணுமா? அங்க வேகமான ஷட்டர் வேணும், நான் மறுக்கல. சூரியனை அணைக்க முடியாது :-) ஆனா உங்க வீட்டு ரூம் லைட்டை அணைக்கலாமே.

காசு இருக்குறவங்க தாராளமா வாங்குங்க. இல்லாதவனை "உன்னால முடியாது"ன்னு திருப்பி அனுப்பாதீங்க. கடன் ஃபாரத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி இருட்டுல முயற்சி பண்ணுங்க. அப்பவும் கேமரா பத்தலைன்னா வாங்க, சண்டை போடலாம்.